மாமியின் செம்மஞ்சள் பிஸ்டல்

என் வீட்டில் ஒரு பிஸ்டல் இருக்கிறது என்று சொன்னால், என்னுடன் வேலை செய்கிறவர்கள் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறார்கள். லண்டனில் அப்படிச் சொல்லக்கூடாதுதான். அதனால் இப்போதெல்லாம் முதலிலேயே விளக்கிவிடுகிறேன். அது ஓட்டப்போட்டியைத் தொடக்கி வைக்கிற பிஸ்டல். குழாயின் வாய் அடைபட்டிருக்கும். சின்ன வெடி ஒன்றை உள்ளே வைத்து அழுத்தினால் சத்தமும் கொஞ்சம் புகையும் வரும், வேறொன்றும் வராது. ஆனால் அந்தச் சத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு எங்கள் மாமி ஒரு குடும்பத்தையும் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் நிர்வாகக் குழுவையும் பல வருடங்கள் ஆட்டிவைத்தார்.

மாமி என்றால் அப்பாவின் அக்கா. லண்டன் ஹரோவில் எங்கள் வீட்டு மேல்மாடியில் இருந்த சின்ன அறை அவருடையது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நினைத்ததைச் செய்து முடிக்காமல் சாப்பாட்டில் கை வைக்காத ஆள். ஒரு காரியம் ஏலாது என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அதைச் செய்து காட்டும்வரை அந்த மனிதருக்கு நிம்மதி கிடையாது. அருகில் இருந்த ஒரு பள்ளியின் ஆய்வுகூடத்தில் குடுவைகள் கழுவி வைப்பதும் பரிசோதனைக்குச் சாமான் எடுத்து வைப்பதும் அவர் வேலை.

அந்தப் பள்ளியில் ஒரு கோடை விடுமுறைக்கு முன் விளையாட்டுச் சாமான் அறையைத் துப்புரவாக்கினார்களாம். மின்சாரத்தில் கூவுகிற புதுக்கருவி ஒன்று வந்துவிட்டதால் பழைய பிஸ்டல் வேண்டாத பொருளாகிவிட்டது. உடைந்த ஈட்டிகளோடும் காற்றுப்போன பந்துகளோடும் அதுவும் குப்பைத் தொட்டிக்குப் போக இருந்தது. மாமி கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். அதைச் செய்த கம்பனி செய்வதை நிறுத்திப் பல காலம் ஆகிவிட்டது, பழுதானால் ஒரு ஆணிகூடக் கிடைக்காது என்று விளையாட்டு ஆசிரியர் எச்சரித்தாராம். மாமியிடம் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது.

வந்த கையோடு அதைப் பின் தோட்டத்து மேசையில் கட்டிக் கிழிந்த பழைய சாரத் துண்டை விரித்துக் கழற்றிப் போட்டார். அப்போது அது கறுப்பு நிறம். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு விறுக்கென்று உள்ளே போனார். சற்று நேரத்தில் வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள். மாமி அவர்களை உட்காரவைத்து, தேத்தண்ணி கொடுத்து, அடைபட்ட குழாயைக் காட்டி, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி என்றால் என்ன என்பதை ஆதியோடந்தமாக விளக்கினார். அவர்கள் தப்பித்தால் போதும் என்று எழும்பினார்கள். வெளியில் கொண்டுபோவதானால் பெட்டியில் வைத்துக் கொண்டுபோங்கள், தோட்டத்தில் வைத்துத் துடைக்காதீர்கள், கண்ணைப் பறிக்கிற நிறமாக ஏதாவது பூசிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அடுத்த நாளே அது பளிச்சென்ற செம்மஞ்சளாகிவிட்டது. கூடவே எங்கள் குளியலறைக் கதவின் கீழ்ப்பாதியும்.

வெடித்த பிறகு உள்ளே படிகிற கரி ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்றுவிடும். ஆகவே தமிழ்ப் பள்ளியின் ஒவ்வொரு விளையாட்டுப் போட்டிக்குப் பிறகும் மாமி பழைய பல்துலக்கியால் தேய்த்து, துணி சுற்றிய குச்சியால் துடைத்து, எண்ணெய் பூசி, பிஸ்கட் டின்னில் வைப்பார். முதல் வருடம் அவர் பூசியது தேங்காயெண்ணெய். தலைக்கும் தோசைக்கும் கிறீச்சிடுகிற கதவுப் பிணைச்சலுக்கும் அதுதானே எங்களுக்கு. லண்டன் குளிரில் அது உறைந்து, அடுத்த மே மாதம் டின்னைத் திறந்தபோது பிஸ்டல் வெண்ணெய்க் கட்டிக்குள் புதைந்த மாதிரி இருந்தது. விசையை அழுத்தினால் அசையவில்லை. அம்மா சிரிப்பை அடக்க மாட்டாமல் குசினி அடுப்படிக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு தையல் மெசின் எண்ணெய்தான்.

அப்பாவுக்கு அந்தப் பிஸ்டல் பிடிக்காது. பிடிக்காது என்று ஒருநாளும் சொன்னதில்லை. டின் மேசையில் இருந்தால் தன் தேநீரை எடுத்துக்கொண்டு மற்ற அறைக்குப் போய்விடுவார். அப்பாவுக்குச் சத்தம் ஒத்துவராது என்று அம்மா சொல்லுவாள். அம்மாவுக்குச் சென்ட் மணம் ஒத்துவராது, எனக்குக் கத்தரிக்காய் ஒத்துவராது, அதுபோல ஒன்று என்று நான் விட்டுவிட்டேன். நவம்பரில் ஊரெல்லாம் வாணவெடி விடுகிற வாரத்தில் அப்பா தொலைக்காட்சியை உரக்க வைத்துவிட்டு, யாரும் பார்க்காத சமையல் நிகழ்ச்சியைக் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். சின்ன வயதில், அதாவது என்னைவிடச் சின்னவராக அப்பா இருந்தபோது, யாழ்ப்பாணத்தில் மாமி அவரை ஒரு பகல் முழுக்கக் கட்டிலுக்குக் கீழே கையைப் பிடித்தபடி வைத்திருந்தாராம். இதையும் அம்மாதான் சொன்னாள். ஒளித்துப் பிடித்து விளையாடியிருப்பார்கள் என்று நினைத்தேன். ஒரு பகல் முழுக்கக் கண்டுபிடிக்கப்படாமல் இருந்தது பெரிய கெட்டித்தனமாகத்தான் பட்டது.

எனக்கு அப்பாவில் இருந்த ஒரே மனக்குறை, நான் ஓடுவதை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்பதுதான். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் விளையாட்டுப் போட்டி வருடத்துக்கு ஒருமுறை வரும். பூங்காவில் கூடாரம் அடித்து, ஒலிபெருக்கி கட்டி, ரோல்ஸும் கொத்துரொட்டியும் விற்று, அம்மாமார்களுக்குச் சங்கீதக் கதிரைப் போட்டி வைத்து அமர்க்களமாக நடக்கும். மாமி சேலைக்கு மேல் சிவப்புக் கம்பளிச் சட்டை போட்டு, காலில் வெள்ளைச் சப்பாத்துக் கட்டி, பால் போத்தல் அடுக்குகிற கிரேட் ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நிற்பார். பிஸ்டல் பிடித்த கையை மேலே தூக்கினாரோ, மைதானமே மூச்சை அடக்கும். முதல் வருடம் அப்பா காரை எங்கோ தூரத்துத் தெருவில் விட்டுவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ரேடியோ கேட்டார். அடுத்த வருடம் கார் தரிப்பிடம் வரைக்கும் வந்தார். அதற்கடுத்த வருடம் பூங்காவின் வாசலில் நின்ற, ஐஸ்கிரீம் விற்கிற வானுக்குப் போனார். ஓட்டமெல்லாம் முடிந்த பிறகு, கையெல்லாம் வழிந்து சொட்டுகிற ஐஸ்கிரீமோடு திரும்பி வந்தார். அந்த வருடம் நான் இரண்டாவதாக வந்திருந்தேன். வடக்கு லண்டன் எட்மண்டனிலிருந்து வந்த நெட்டைப் பெண் ஒருத்தி மூக்கு நுனியால் என்னை முந்தினாள். அதைக்கூட அவர் பார்க்கவில்லை.

அம்மா இதுபற்றி மாமியிடம் கதைத்ததை நான் படிக்கட்டில் இருந்து கேட்டேன். விசிலை ஊதிவிட்டுப் போகலாமே, ஏன் இந்தப் பிடிவாதம் என்றாள் அம்மா.

"விசிலுக்கு நாய்தான் ஓடும்," என்றார் மாமி. பிறகு குரலைத் தணித்து, "ஒவ்வொரு வருசமும் கொஞ்சம் கொஞ்சமாக் கிட்ட வாறான். நீர் கவனிக்கேல்லையே?"

கார் நிறுத்த ஒவ்வொரு வருடமும் கிட்டவாக இடம் கிடைப்பதைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். ஹரோவில் அது சின்ன விசயமில்லை.

அடுத்த வருடம் எப்படியும் முதலாவதாக வருவது என்று நான் முடிவெடுத்துவிட்டேன். அப்பா கட்டாயம் பார்க்கவும் வேண்டும். முதலாவது என் காலில் இருந்தது. இரண்டாவதற்கு என்ன செய்வது என்று தெரியாததால் முதலாவதை இரட்டிப்பாகச் செய்தேன். பள்ளியால் வந்ததும் மாமி படிக்கட்டின் கீழ்ப்படியில் வெற்றுப் பிஸ்டலோடு உட்காருவார். நான் குசினிக் கதவடியில் குந்துவேன். வீட்டுக்குள் வெடிக்கக்கூடாது, பக்கத்து வீட்டுக்காரருக்காகவும் அப்பாவுக்காகவும். ஆகவே மாமி வெறுமனே விசையை அழுத்துவார். 'டிக்' என்று கேட்கும். நான் வாசற்கதவு வரைக்கும் பாய்வேன். நாளாக நாளாக, அந்த 'டிக்' என் காதுக்குப் போகாமல் நேரே காலுக்குப் போகத் தொடங்கியது. அம்மா குசினியில் மின்சுவிட்சைப் போட்டால்கூட நான் ஒரு துள்ளுத் துள்ளுவேன்.

போட்டிக்குச் சில வாரங்கள் இருக்கும்போது ஒருநாள் 'டிக்' கேட்கவில்லை. மாமி மறுபடி அழுத்தினார். விசை தொளதொளவென்று ஆடியது. கழற்றிப் பார்த்தால் உள்ளே இருந்த ஸ்பிரிங் இரண்டாக முறிந்து கிடந்தது.

மாமி அன்றிரவு சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து எங்கள் வீட்டில் ஸ்பிரிங் உள்ள எந்தப் பொருளுக்கும் பாதுகாப்பு இல்லாமல் போனது. பேனைகள் முதலில் போயின. அந்த ஸ்பிரிங் அடியைத் தாங்கவில்லை. பிறகு அம்மாவின் டோஸ்டர். அது மிகவும் தடிப்பு. ஞாயிறு காலைகளில் பழைய சாமான் சந்தைகளுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு மணிக்கூடு திருத்துகிறவர் இருக்கிறார் என்று யாரோ சொல்ல, ரயில் ஏறி அங்கேயும் போனோம். அவர் டின்னைத் திறந்து பார்த்ததுமே மூடி, இரண்டு கையாலும் எங்கள் பக்கம் தள்ளிவிட்டார். நிர்வாகக் குழுச் செயலாளர் தொலைபேசியில் அழைத்து, தன்னிடம் நல்ல விசில் ஒன்று இருக்கிறது, முதியவர்களுக்கும் அந்த வெடி திடுக்கிடுகிறது, இந்த வருடத்தோடு விட்டுவிடுவோமே என்று மிகப் பவ்வியமாகச் சொன்னார். பாவம், நல்ல மனிதர். பிஸ்டல் வரும் என்று மட்டும் சொல்லி மாமி தொலைபேசியை வைத்துவிட்டார்.

வேடிக்கை என்னவென்றால், அப்பாவின் தொழிலே பூட்டுத்தான். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கடையில் சாவி வெட்டுவார், பூட்டுத் திருத்துவார். அவர் மேசைக்குக் கீழே டின் டின்னாக ஸ்பிரிங் கிடப்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். நான் இதைச் சொன்னபோது மாமி என்னைப் பார்த்த பார்வையில் அடுத்த சொல் என் வாயிலேயே நின்றுவிட்டது. "அவனிட்டை கேட்கக்கூடாது," என்றார். ஏன் என்று சொல்லவில்லை.

முறிந்த ஸ்பிரிங்கை மாமி குசினி யன்னலில் ஒரு தேத்தண்ணிச் சோசரில் போட்டு வைத்திருந்தார். ஒருநாள் அதைக் காணவில்லை. அம்மா எறிந்துவிட்டாள் என்று சண்டை வரப் பார்த்தது. மறுநாள் காலையில் அது சோசரில் இருந்தது. சாப்பாட்டு மேசையில், சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில், சின்னப் பிளாஸ்டிக் பை ஒன்றில் அதே அளவில் இன்னும் சில ஸ்பிரிங்குகள் இருந்தன.

"இது ஆர் வைச்சது?" என்றாள் அம்மா.

அப்பா இலவசப் பத்திரிகைக்குப் பின்னால் இருந்தார். "கடையிலை சும்மா கிடந்தது," என்றார். பத்திரிகையைக் கீழே இறக்கவில்லை. மாமி நன்றி சொல்லவில்லை. அந்தப் பையை எடுத்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு மேலே போனார். அன்று பின்னேரம் வீட்டில் மறுபடியும் 'டிக்' கேட்டது. நான் வாசற்கதவில் போய் மோதினேன்.

போட்டி நாளன்று நல்ல வெயில். எங்கள் ஓட்டத்துக்கு ஒலிபெருக்கியில் அழைத்தார்கள். நெட்டைப் பெண் எனக்குப் பக்கத்துக் கோட்டில் நின்றாள். அவளுக்கு முள் வைத்த சப்பாத்து. எனக்கு இருந்தது வெறும் ஆத்திரம். நான் வழக்கம்போல வாசல் பக்கம் திரும்பி ஐஸ்கிரீம் வானைப் பார்த்தேன். அங்கே அப்பா இல்லை. தேடினேன். தொடக்கக் கோட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு மரத்தடியில் நின்றார். இரண்டு கையாலும் காதைப் பொத்தி, கண்ணை இறுக்கி மூடியிருந்தார். கண் மூடியிருந்தது எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஓடத் தொடங்கியதும் திறப்பார்தானே. எனக்கு நெஞ்சு முட்ட மகிழ்ச்சி. இன்றைக்கு எல்லாம் சரிவரப் போகிறது என்று குந்தினேன்.

மாமி கிரேட்டில் ஏறினார். செயலாளர், எதற்கும் இருக்கட்டும் என்று, விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். செம்மஞ்சள் பிஸ்டல் மேலே போனது. "ஒன் யுவர் மார்க்ஸ்," என்றார் மாமி. "செட்."

'டிக்' என்றது.

வெடிக்கவில்லை. புது ஸ்பிரிங் அந்தத் தடவை சரியாக அடிக்கவில்லை. மற்றப் பிள்ளைகள் எல்லாம் குந்தியபடியே சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள். அவர்களுடைய வீட்டில் யாரும் குசினிக் கதவடியில் வைத்து அவர்களைப் பழக்கவில்லை. நான் பாய்ந்துவிட்டேன். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு அழகாக நான் புறப்பட்டதில்லை. பக்கத்தில் ஒருவரும் வரவில்லை என்பது ஒரு பெருமையாகத்தான் இருந்தது. பிறகுதான் மைதானம் முழுக்கச் சிரிப்பது கேட்டது. ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொல்லி நில்லுங்கோ, நில்லுங்கோ என்றார்கள்.

சிரிக்காத ஒரே மனிதர் அப்பா. அவர் கண்ணைத் திறந்தபோது நான் ஓடிக்கொண்டிருந்தேன். ஆகவே சத்தம் முடிந்துவிட்டது என்று எண்ணிவிட்டார். காதிலிருந்து கையை எடுத்து, அந்தக் கையாலேயே தட்டிக்கொண்டு, கோட்டுக்கு வெளியே என்னோடு கூட ஓடி வந்தார். "ஓடு பிள்ளை, ஓடு," என்றார். அப்பா அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் கண்டதில்லை. நான் வெட்கத்தில் நின்றதும் அவரும் நின்றார். என் கையைப் பிடித்துத் தொடக்கக் கோட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"முடிஞ்சுதே அக்கா?" என்று கேட்டார்.

"இல்லைத் தம்பி. வெடிக்கேல்லை."

 அப்பா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஐஸ்கிரீம் வான் தன் பாட்டைப் போட்டது. செயலாளர் விசிலை உதட்டருகே கொண்டுபோனார். மாமி அவரைப் பார்க்கவில்லை. கிரேட்டில் நின்றபடி அப்பாவையே பார்த்தார்.

"என்ன தம்பி, விசில் ஊதச் சொல்லட்டே?" அந்தக் கேள்வியை மாமி கேட்பார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. எத்தனை பேனை, எத்தனை ரயில், அம்மாவின் டோஸ்டர், எல்லாவற்றையும் ஒரு சொல்லில் விட்டுவிடத் தயாராக நின்றார்.

அப்பா என் கையை விட்டார். "வேண்டாம் அக்கா," என்றார். "சுடுங்கோ."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. நான் போய்க் குந்தினேன். இந்தமுறை உலகம் இடிந்து விழுகிற சத்தம் கேட்டாலொழிய அசைவதில்லை என்று காலுக்குக் கட்டளை போட்டேன். சத்தம் கேட்டது. உரக்கத்தான் கேட்டது. ஆனால் கால் அதை நம்பிப் புறப்படுவதற்குள் மற்றவர்கள் போய்விட்டார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினேன். ஒவ்வொருத்தியாகப் பிடித்தேன். நெட்டைப் பெண்ணைப் பிடிக்க முடியவில்லை. மூன்றாவதாக வந்தேன். நெஞ்சு எரிந்தது.  பரவாயில்லை, அப்பா பார்த்திருப்பார் என்று திரும்பினேன்.

அவர்கள் இரண்டு பேரும் என் பக்கம் பார்க்கவே இல்லை. அப்பா, நான் விட்டுவிட்டு வந்த அதே இடத்தில், கிரேட்டுக்குப் பக்கத்தில், கண்ணை மூடிக்கொண்டு நின்றார். காதைப் பொத்தவில்லை. மாமியின் இடது கை அவர் கையில் இருந்தது. மாமியின் வலது கை இன்னும் மேலே தூக்கியபடி இருக்க, அதிலிருந்து புகை போய்க்கொண்டிருந்தது. ஓட்டத்தைத் தொடக்கி வைக்கிறவர் ஓட்டத்தைப் பார்க்கவேண்டும். யாராவது விழுந்தால், தடுக்கினால் கவனிக்கவேண்டும். மாமி தன் தம்பியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். செயலாளர் அடுத்த ஓட்டம், அடுத்த ஓட்டம் என்று அவர்களிடம் சொல்லிப் பார்த்து அலுத்துப்போனார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நான் உயிரைக் கொடுத்து ஓடுகிறேன், பெரிய ஆட்கள் இரண்டு பேர் நடுமைதானத்தில் கையைப் பிடித்து விளையாடிக்கொண்டு நிற்கிறார்கள். பிறகு அப்பா ஐஸ்கிரீம் வாங்கி வந்தார். அன்றைக்கு அது உருகாமல் வந்தது. நான் வாங்க மறுத்துவிட்டேன்.

திரும்பி வரும்போது அப்பா காரை ஓட்டினார். மாமி முன்சீட்டில் பிஸ்கட் டின்னை மடியில் வைத்துக்கொண்டு யன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தார். வீட்டுக்குப் போனதும் வழக்கமாகச் செய்கிற முதல் வேலையான துடைப்பதைக்கூட அன்று அவர் மறந்துவிட்டார். அடுத்த நாள் அம்மாதான் எண்ணெய்ப் போத்தலை எடுத்துக் கொடுக்கவேண்டியிருந்தது. இப்போது அந்த டின் என்னிடம் இருக்கிறது. அப்பா கொண்டுவந்த ஸ்பிரிங்தான் இன்னமும் உள்ளே. வருடத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைத்து, தையல் மெசின் எண்ணெய் போட்டு, பெட்டியில் வைத்துப் பூங்காவுக்கு எடுத்துக்கொண்டு போகிறேன்.

ஆனால் அன்றைக்குக் காரில் எனக்கு அதெல்லாம் தெரியாது. பின்சீட்டில் இருந்துகொண்டு, நான் ஓடினதை நீங்கள் பார்க்கவே இல்லை என்று அப்பாவின் முதுகைப் பார்த்துச் சொன்னேன். 

சிவப்பு விளக்கில் கார் நின்றது. அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"ஓம் பிள்ளை, பார்க்கேல்லை," என்றார். "ஆனா நான் நிண்டனான்."

முன்சீட்டில் மாமி தலைப்பால் முகத்தைத் துடைத்தார். அம்மா என் தோளை அணைத்துக்கொண்டாள். நான் அவள் கையைத் தட்டிவிட்டேன். நிற்பது என்ன பெரிய காரியம்? அந்த மைதானத்தில் முக்கால்வாசிப் பேர் நின்றுகொண்டுதானே இருந்தார்கள்.